பழைய கண்மாய்க் கரைகளிலும் மண் அணைகளிலும் நீர்க்கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில் உள்ள கண்மாய்க் கரைகளில் பெரும்பாலானவற்றுக்கு, எந்த மண்ணால் எத்தனை முறை உயர்த்தப்பட்டன என்று சொல்லும் வரைபடம் எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஏறியதும் கரையின் வெளிப்புறம் ஈரமாகத் தெரியும்போது, கண்மாய் நீரால் பாசனம் பெறும் ஆயக்கட்டு விவசாயிகளும் பாசனச் சங்கத்தினரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. பெரிய மண் அணைகளுக்கும் அடிப்படை இதேதான். ஆய்வின் அளவும் செலவும்தான் வேறுபடும்.

கரையில் கசிவு தென்பட்டாலே ஆபத்து என்று கொள்ள வேண்டுமா?

வேண்டியதில்லை. மண்ணால் ஆன எந்தக் கரையும் தண்ணீரை முழுவதுமாகத் தடுத்து நிறுத்துவதில்லை. அது மெதுவாக ஊடுருவி, வெளிச்சாய்வின் அடிவாரத்தில் எங்காவது தலைகாட்டத்தான் செய்யும். அப்படி வரும் நீர் தெளிவாக இருந்து, கண்மாயின் நீர்மட்டம் மாறாத நாட்களில் அளவும் மாறாமல் இருந்தால், அதைக் கவனித்து வந்தால் போதும். அஞ்ச வேண்டியது நீரோடு மண்ணும் சேர்ந்து வெளியேறுவதற்கு மட்டுமே.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கசிவு நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, அரை மணி நேரம் அசைக்காமல் வைத்துவிட்டு, அடியில் வண்டல் படிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் ஒரு முறை தெளிவாக இருந்ததை வைத்து நிம்மதி அடையக் கூடாது. மண் அரிப்பு விட்டு விட்டு நடக்கும்; காலையில் கலங்கலாக வந்த ஊற்று மாலையில் தெளிந்து, மறுநாள் மீண்டும் கலங்கலாம். ஊற்றுக் கண்ணைச் சுற்றி மென்மையான மணல் சிறு கூம்பாகக் குவிந்திருந்தால், நீர் அப்போது தெளிவாகத் தெரிந்தாலும் கரை தன் மண்ணை இழந்துகொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

மண் இழப்பு எப்படி உடைப்பாக மாறுகிறது?

கசிவு நீர் வெளிவரும் இடத்தில் மண்துகளைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லாவிட்டால், முதலில் அங்குள்ள துகள்கள் போகும். அதனால் நீர் கடந்துவரும் தொலைவு குறைகிறது, வேகம் கூடுகிறது, அடுத்த துகள்கள் போகின்றன. இப்படி வெளிப்புறத்தில் தொடங்கும் துளை பின்னோக்கி நகர்ந்து கண்மாயின் உட்புறத்தை எட்டிய பிறகு, உடைப்பு ஒரு சில மணி நேரத்தில் நிகழ்ந்துவிடும். சில கரைகளில், ஏற்கெனவே உள்ள வெடிப்பு அல்லது எலி வளை வழியாகப் பாயும் நீர் அதன் சுவர்களை அரித்து அகலப்படுத்துகிறது. இந்த உள்ளரிப்பில்தான் உலகெங்கும் உடைந்த மண் அணைகளில் ஏறக்குறைய பாதி உடைந்திருக்கின்றன. மற்றொரு பாதியில் பெரும்பங்கு, வெள்ளம் கரையின் மேல் வழிந்ததால் நேர்ந்தது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று உடைந்தபோது, காலையில் கலங்கலாகத் தென்பட்ட கசிவு நண்பகலுக்குள் அணையைப் பிளந்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் திவரே மண் அணை 2019 ஜூலையில் உடைந்து பலர் உயிரிழந்தனர். அங்கே கசிவு இருப்பதாகக் கிராமத்தினர் முன்பே முறையிட்டிருந்தனர். வேறு மாநிலத்துச் செய்தி என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

எங்கள் கண்மாய் பாட்டன் காலத்திலிருந்து நிற்கிறது. இனிமேலா உடையப் போகிறது?

மண் அணைகளுக்கு முதல் முறை நீர் நிரப்பும் காலமே மிக ஆபத்தானது. அதைக் கடந்து நின்றவை நீண்ட காலம் நிற்கும் என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் நம் பக்கத்துக் கண்மாய்கள் பங்குனி முதல் ஆவணி வரை வறண்டு கிடப்பவை. கரையின் மேற்பகுதி வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. குறிப்பாகத் திருமங்கலம், பேரையூர் பக்கத்துக் கரிசல் மண் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். பிறகு வடகிழக்குப் பருவமழையில் ஒரே வாரத்தில் கண்மாய் நிரம்பும்போது, வெடிப்புகள் நனைந்து மூடிக்கொள்வதற்குள் நீர் அவற்றை எட்டிவிடுகிறது. எனவே இங்குள்ள பழைய கரை ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஓர் அளவில் முதல் முறை நிரம்பும் கரையாகவே ஆகிறது. வயதைக் காட்டி அலட்சியம் செய்வதற்கு இதுவே என் முதல் மறுப்பு.

இரண்டாவது காரணம், கரை பழையதாக இருந்தாலும் அதில் செய்யப்பட்ட வேலைகள் புதியவை என்பதாகும். பாண்டியர் கல்வெட்டுகளில் மதுரையை ‘மாடக்குளக்கீழ்’ என்று குறிப்பிடும் அளவுக்கு மாடக்குளம் கண்மாய் தொன்மையானது. ஆனால் அத்தகைய எந்தக் கண்மாயை எடுத்துக்கொண்டாலும், மடை மாற்றிக் கட்டப்பட்டிருக்கும், கரைமேல் சாலை போடப்பட்டிருக்கும், எங்கோ ஓரிடத்தில் குடிநீர்க் குழாய் குறுக்கே போயிருக்கும். பெரும்பாலும் கசிவு தோன்றுவது இந்த ஒட்டுகளில்தான். இவை தவிர, கூடுதல் நீர் தேக்குவதற்காக, மிகுநீர் வழிந்தோடும் கலுங்கின் மேல் மண்மூட்டை அடுக்கும் வழக்கமும் உண்டு. பல ஆண்டுகளாக நீரையே காணாத கரையின் உச்சிப் பகுதியில் அப்போதுதான் முதல் முறையாக நீர் நிற்கிறது.

கரையை எப்போது, எப்படிப் பார்வையிட வேண்டும்?

கோடையில் ஒரு முறையும், நீர் ஏறும் நாட்களில் அன்றாடமும், கண்மாய் முழு மட்டத்தில் நிற்கும்போது இரவிலும் பார்க்க வேண்டும். கரைமேல் மோட்டார் சைக்கிளில் போய்வருவது பார்வையிடல் ஆகாது. வெளிச்சாய்வின் அடிவாரத்தில் நடந்துபோய், சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது ஒரு திட்டில் மட்டும் கோரையும் புல்லும் பச்சையாக நிற்கிறதா, காலடி வைத்தால் மண் அமிழ்கிறதா, நேராக இருக்க வேண்டிய கரைமேட்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றில்லாத காலை வேளையில் நீர்ப்பரப்பில் சிறு சுழி தெரிந்தால், அது உட்புறத் துளையின் வாய். உடனே செயல்பட வேண்டிய அறிகுறி. சீமைக்கருவேலம் மூடிக்கிடக்கும் கரையில் இவற்றில் எதையும் காண முடியாது என்பதால், அடிவாரத்தைச் சுத்தம் செய்வதே ஆய்வின் முதல் வேலை.

கசிவின் அளவை எப்படிக் கணக்கிடுவது?

சிறு கசிவாக இருந்தால் வாளியும் கைக்கடிகாரமும் போதும்: 15 லிட்டர் வாளி 20 நொடியில் நிரம்பினால், நொடிக்கு முக்கால் லிட்டர். பரவலாக வரும் கசிவை ஒரு சிறு வாய்க்காலில் திரட்டி, 90 பாகைக் கோணத்தில் ‘வி’ வடிவில் வெட்டிய தகட்டை அதன் குறுக்கே நிறுத்த வேண்டும். வெட்டின் அடிமுனைக்கு மேல் 5 சென்டிமீட்டர் நீர் நின்றால் நொடிக்கு ஏறக்குறைய 0.8 லிட்டர், 10 சென்டிமீட்டர் நின்றால் 4.4 லிட்டர் போகிறது என்று பொருள். உயரம் இரட்டித்தால் அளவு ஐந்தரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது; ஆகவே தகட்டில் ஒரு சென்டிமீட்டர் மாற்றத்தையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த எண்ணுக்கு எதிரே அன்றைய கண்மாய் நீர்மட்டத்தையும், முந்தைய நாள் மழையையும் எழுதிவைக்க வேண்டும். மட்டம் இல்லாத கசிவுக் கணக்கால் பயனில்லை. சென்ற ஆண்டு எட்டடி நீரில் வந்ததைவிட இந்த ஆண்டு அதே எட்டடியில் அதிகமாக வந்தால், பாதை பெரிதாகிறது. இன்னொரு பயனும் இந்தக் குறிப்பேட்டில் உண்டு: தை, மாசியில் நீர் இறங்கிவரும்போது குறிப்பிட்ட ஒரு மட்டத்தில் கசிவு திடீரென்று நின்றுவிட்டால், உட்புற வாய் அந்த மட்டத்தை ஒட்டியே இருக்கிறது. தோண்டிப் பார்க்காமலேயே கிடைக்கும் தகவல்களில் இதைவிட மதிப்புள்ளது வேறில்லை என்பேன்.

வெளியே வரும் நீர் கண்மாய் நீர்தானா என்று எப்படி உறுதி செய்வது?

பக்கத்து மேட்டிலிருந்து இறங்கும் நிலத்தடி நீரும், பெரியாறு பாசன வாய்க்காலின் கசிவும் கரையடியில் ஊற்றாக வரலாம். நீரில் கரைந்த உப்பைக் காட்டும், குடிநீருக்குப் பயன்படுத்தும் டிடிஎஸ் மீட்டரைக் கொண்டு கண்மாய் நீர், கசிவு நீர், அருகிலுள்ள கிணற்று நீர் மூன்றையும் அளந்தால் ஓரளவு தெளிவு பிறக்கும். புதிதாக மழைநீர் வந்து கண்மாய் நீரின் உப்பு குறைந்த சில நாட்களில் கசிவிலும் குறைந்தால் இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கிணற்று நீரைப் போலவே மாறாதிருந்தால் ஊற்று வேறு. ஃபுளோரசின் போன்ற சாயத்தை உட்புறத்தில் கரைத்து, எவ்வளவு நேரத்தில் வெளியே தெரிகிறது என்று பார்ப்பதும் உண்டு. சில நிமிடங்களில் நிறம் வந்துவிட்டால் அங்கே இருப்பது துளை. ஊடுருவல் அவ்வளவு விரைவாக வராது. கால்நடைகள் குடிக்கும் நீர் என்பதால் சாயத்தைத் துறையின் ஒப்புதலோடு மட்டுமே கலக்க வேண்டும்.

பெரிய அணைகளில் மண்ணின் மின்தடையை அளந்து ஈரமான பகுதிகளைக் கண்டறிந்து, அங்கே துளையிட்டு மண் மாதிரி எடுத்து, பீசோமீட்டர் குழாய்களைப் பொருத்திக் கரைக்குள் நீர் நிற்கும் மட்டத்தைப் பார்க்கிறார்கள். வெளிச்சாய்வை ஒட்டிய குழாயில் மட்டம் ஆண்டுக்காண்டு ஏறினால், வடிகால் அடைத்திருக்கலாம், அல்லது உட்புறத் தடுப்பு பலவீனமாகியிருக்கலாம். துளையிடும்போது அழுத்தத்தோடு நீர் செலுத்துவது கரையை உள்ளுக்குள்ளேயே பிளந்துவிடும் என்பதை ஒப்பந்ததாரர் அறிந்திருக்க வேண்டும்.

எல்லாக் களிமண்ணும் கரைக்கு ஏற்றதா?

இல்லை. தண்ணீர் பட்டதும் தானாகவே பிரிந்து கரையும் களிமண் உண்டு. சோடியம் மிகுந்த மண்ணில் இது நேர்கிறது. பார்வைக்கு நல்ல பசையுள்ள களியாகவே தெரியும்.

இதைக் கண்டறிய, கரைக்குள் இருந்து எடுத்த ஈரமண்ணில் சுண்டைக்காய் அளவு உருண்டையை, உலரவிடாமல், கண்ணாடி டம்ளரில் உள்ள வடிநீரில் மெல்ல இறக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் நீரே போதும். கிணற்று நீர் கூடாது, அதிலுள்ள உப்பு மண் கரைவதை மறைத்துவிடும். பத்து நிமிடத்தில் உருண்டை உதிர்ந்து குவியலாகி, சுற்றிலும் நீர் தெளிவாகவே இருந்தால் கவலையில்லை. உருண்டையைச் சுற்றி அரிசி கழுவிய நீர் போன்ற புகைமூட்டம் எழுந்து டம்ளரின் அடியெங்கும் பரவினால், அந்த மண்ணில் ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் துளையாகிவிடும். அத்தகைய மண்ணைச் சுண்ணாம்பு அல்லது ஜிப்சம் கலந்து சீராக்க வேண்டும், இல்லையேல் ஒதுக்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறிவிட்ட மண்ணையும் ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்துகொள்வது நல்லது, ஏனெனில் நீரில் கரைந்துபோகும் மண் சில நேரம் இந்த டம்ளரில் பிடிபடாமல் போவதுண்டு.

மடையை ஒட்டியே ஏன் அடிக்கடி கசிகிறது?

கரையின் மண்ணும் மடையின் கல்கட்டும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை என்பதே காரணம். மடைக் குழாயின் இரு பக்கமும் இடுக்குகளில் மண்ணை இடித்து இறுக்குவது கடினம். மண் அமுங்கும்போது கல்கட்டு அமுங்காது. இடையில் மெல்லிய வெளி உண்டாகிறது. பழைய மடைகளில் சுண்ணாம்புச் சாந்து கரைந்து, கற்பலகைகளின் இணைப்பு திறந்துகொள்ளும். கரை மண் அந்த இடுக்கு வழியே மடைக்குள் விழுந்து நீரோடு போகும்.

பலகையை முழுவதும் இறக்கி மடையை அடைத்த பிறகும் வெளிவாயில் கலங்கல் நீர் வந்தாலோ, மடைக்கு நேர் மேலே கரைமேட்டில் குழி விழுந்தாலோ, நோய் இதுதான். அந்தக் குழியில் ஒரு டிராக்டர் மண்ணைக் கொட்டி நிரவிவிடுவது வழக்கமாக நடக்கிறது. கீழே வழி திறந்திருக்கும்வரை அந்த மண்ணும் போய்ச் சேரும். கோடையில் கரையை வெட்டித் திறந்து மடையைப் புதிதாகக் கட்டுவதே முழுமையான தீர்வு. அதற்கு வழியில்லாதபோது, பழைய குழாய்க்குள் சிறிய குழாயைச் செலுத்தி இடைவெளியைச் சிமென்ட் கலவையால் நிரப்பலாம். ஆனால் பாசன நீரின் அளவு குறையும் என்பதை ஆயக்கட்டுதாரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பழைய வரைபடங்களில் குழாயைச் சுற்றிக் காணப்படும் கான்கிரீட் வளையங்கள் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. அவற்றைச் சுற்றி மண்ணை இறுக்குவது மேலும் கடினம். வெளிப்பகுதியில் குழாயைச் சூழ்ந்து மணல் வடிகட்டி அமைப்பதே இன்றைய முறை.

வெளிப்புறத்தில் கசியும் இடத்தில் களிமண் போட்டு அடைத்தால் என்ன?

இந்தக் கேள்விதான் மிக அதிகமாகக் கேட்கப்படுகிறது, இதற்குரிய விடைதான் மிகக் குறைவாகப் பின்பற்றப்படுகிறது. அடைக்கக் கூடாது. வெளிவாயை மூடினால் நீரின் அழுத்தம் கரைக்குள்ளேயே ஏறி, வெளிச்சாய்வு ஊறிச் சரியும், அல்லது நீர் வேறோர் இடத்தில் வழி தேடும். வெளிப்புறத்தில் செய்ய வேண்டியது, நீரை விட்டுவிட்டு மண்ணைப் பிடித்து வைப்பது.

அதற்குக் கசியும் பரப்பின் மேல் முதலில் மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி அல்லது கல் என்று அடுக்கி, அடிவாரத்தில் வடிகால் வெட்டி நீரை வெளியேற்ற வேண்டும். மணலின் பருமனைக் கண்மதிப்பாக முடிவு செய்யக் கூடாது. மண் பொறியியலாளர் டெர்சாகி வகுத்த விதிப்படி, மணலில் எடையளவில் 15 விழுக்காடு இறங்கும் சல்லடைக் கண்ணின் அளவு, கரை மண்ணில் 85 விழுக்காடு இறங்கும் கண்ணின் அளவைப் போல நான்கைந்து மடங்குக்கு மேல் போகக் கூடாது. போனால் கரை மண் மணலின் இடுக்கில் நழுவிவிடும். மணலின் அந்த அளவு, கரை மண்ணில் 15 விழுக்காடு இறங்கும் கண்ணைப் போல நான்கைந்து மடங்குக்குக் குறையவும் கூடாது. குறைந்தால் நீர் வடியாது. ஆற்று மணல் கிடைக்காத நிலையில் கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் பயன்படுத்தலாம், ஆனால் கல்தூள் 5 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை கழுவியிருக்க வேண்டும். தூளோடு போட்டால் அந்த அடுக்கு இறுகி அடைப்பாகவே மாறிவிடும். வடிகட்டியின் மேல் மண்மேடை ஒன்றை அணைத்துக் கட்டினால், அதன் எடை சாய்வைச் சரியாமல் தாங்கும்.

அப்படியானால் நீரை எங்கே தடுப்பது?

உட்புறத்தில். வெடிப்பும் வளையும் உள்ள பகுதியை நல்ல மண் தெரியும்வரை வெட்டியெடுத்து, பழைய சாய்வைப் படிப்படியாக வெட்டிக்கொண்டு, களி கலந்த மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் பரப்பி இறுக்க வேண்டும். வழவழப்பான பழைய சாய்வின்மேல் புது மண்ணைச் சார்த்தினால் இரண்டுக்கும் நடுவே புதிய கசிவுப் பாதையை நாமே போட்டுக் கொடுத்தவர்கள் ஆவோம். மண்ணின் ஈரமும் முக்கியம்: கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. பொக்லைன் வாளியால் தட்டுவதை இறுக்குதல் என்று அளவுப் புத்தகத்தில் எழுதக் கூடாது. உருளை ஓட வேண்டும், அடர்த்தி ஆய்வகத்தில் கிடைத்த உச்ச அளவில் 95 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

கசிவு கரைக்கு அடியில் உள்ள மணற்பாங்கான அடுக்கு வழியாக வந்தால் (வைகையை ஒட்டிய கண்மாய்களில் இதற்கு வாய்ப்பு உண்டு), கரையை எவ்வளவு பூசினாலும் பயனிராது. உட்புற அடிவாரத்தில் அகழி வெட்டி, மணலைக் கடந்து இறுகிய மண்ணை எட்டி, களியால் நிரப்ப வேண்டும். ஆழம் அதிகமானால் பென்டோனைட் என்னும், நீரில் ஊதிப் பெருகும் களியின் குழம்பு நிரப்பிய அகழிச் சுவர் அல்லது இரும்புத் தகட்டுச் சுவர் தேவைப்படும்.

சிமென்ட் கலவையைக் கரைக்குள் செலுத்துவது பற்றியும் கேட்கிறார்கள். பாறை வெடிப்புக்கும் கல்கட்டுக்கும் அது பொருந்தும். மண்ணுக்குள் அழுத்தத்தோடு செலுத்தினால் கரையே பிளக்கும் வாய்ப்பு உண்டு. களிமண்ணின் துளைகளுக்குள் சிமென்ட் நுழைவதும் இல்லை.

தூர் வாரிய பிறகு கசிவு கூடியது ஏன்?

பல்லாண்டு படிந்த வண்டல், கண்மாய்த் தரையில் இயற்கையான தடுப்பாக இருக்கிறது. கரையை ஒட்டி ஆழமாகத் தோண்டும்போது அது அகன்று, கீழே உள்ள மணலில் நீர் நேராக இறங்குகிறது. கரம்பை எனப்படும் வண்டலை எடுப்பவர்கள் கரையிலிருந்து போதிய தொலைவு விட்டு எடுக்க வேண்டும்.

கரையில் உள்ள மரங்களை வெட்டிவிடலாமா?

வெட்டி வேரை விட்டுவிடுவது, மரத்தை விட்டுவைப்பதைவிட மோசமாக முடியலாம். வேர் மக்கிய பின் அது இருந்த இடம் குழாயாகிவிடும். சீமைக்கருவேலத்தைச் சிறு கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும். பெரிய மரமானால் கோடையில் வேரைத் தோண்டியெடுத்து, குழியை அடுக்கடுக்காக இறுக்கி மூட வேண்டும். வெளி அடிவாரத்துக்கு அப்பால் நிற்கும் பனைகளை அவசரப்பட்டு வெட்ட வேண்டியதில்லை. எலி, நண்டு வளைகளையும் கறையான் புற்றையும் வாயில் மட்டும் மூடாமல், முடிவுவரை தோண்டி நிரப்ப வேண்டும்.

இரவில் கலங்கல் ஊற்று பெருகினால் உடனே என்ன செய்வது?

முதலில் கரைக்குக் கீழே குடியிருப்பவர்களை எச்சரித்து, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 எண்ணில் தகவல் சொல்ல வேண்டும். மடைகளைத் திறந்து, கலுங்கில் அடுக்கிய தடைகளை நீக்கி நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும். கசியும் மடையை மட்டும் பொறியாளரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஊற்றின்மேல் மூட்டையைப் போடாமல், அதைச் சுற்றி மணல் மூட்டைகளால் வட்டமாக வரப்பு எழுப்பி, உள்ளே நீர் ஏறவிட வேண்டும். ஏறிய நீரின் எதிர் அழுத்தத்தால் ஊற்றின் வேகம் தணியும். நீர் தெளியும் உயரத்தோடு வரப்பை நிறுத்தி, மிகுதியை ஓடவிடலாம். மணலும் ஜல்லியும் கைவசம் இருந்தால் ஊற்றின்மேல் அந்த வரிசையில் பரப்பலாம். உட்புறத்தில் சுழி தெரிந்தால், தார்ப்பாய், வைக்கோல், மண்மூட்டை ஆகியவற்றை அங்கே இறக்கலாம். சுழியருகே யாரும் நீரில் இறங்கக் கூடாது. கரைமேல் லாரியும் பொக்லைனும் ஏறக் கூடாது.

ஆபத்து இல்லாத நேரத்தில் நீரை இறக்கும்போது நாளுக்கு ஓர் அடி என்ற அளவில் இறக்குவது நல்லது. வேகமாக இறக்கினால் ஊறிய உட்சாய்வு சரியும்.

முல்லைப் பெரியாறு அணையின் கசிவும் இதே வகையா?

இல்லை. 1895-ல் முடிந்த அந்த முதன்மை அணை சுண்ணாம்பு, சுர்க்கி (செங்கல் தூள்) கலவையும் கல்கட்டும் கொண்ட, தன் எடையால் நிற்கும் அணை. அங்கே கசிவைப் பற்றிய கேள்வி கலவையில் உள்ள சுண்ணாம்பு கரைவது பற்றியது. 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையில் கல்கட்டுப் பகுதியும் மண் பகுதியும் உண்டு. அத்தகைய அணைகளில் இரண்டும் சேரும் இடத்தை, மடையோரத்தைப் பார்ப்பது போலவே, தனிக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

யாரிடம் முறையிட வேண்டும்?

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் பொதுவாக இருக்கும். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ளவற்றுக்கும், சில நிபந்தனைகளோடு 10 மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கும் பொருந்துவதால், நம் கண்மாய்க் கரைகளில் பெரும்பாலானவை அதற்கு வெளியே நிற்கின்றன. மனுவில் ‘கரை கசிகிறது’ என்று மட்டும் எழுதாமல், மடையிலிருந்து எத்தனை மீட்டரில், எந்த நீர்மட்டத்தில், நொடிக்கு எவ்வளவு, தெளிவா கலங்கலா என்று தேதியோடு எழுதிப் படமும் இணைத்தால், அலுவலகத்தில் அதைப் பழுதுபார்க்கும் செலவு மதிப்பீடாக மாற்றுவது எளிது.

பழுது பார்த்த பின் வேலை பலித்ததா என்று எப்போது தெரியும்?

முதல் மழைக்காலத்தில் நீரை ஒரே மூச்சில் தேக்காமல், பாதி மட்டத்திலும் முக்கால் மட்டத்திலும் சில நாட்கள் நிறுத்தி, வெட்டுத் தகட்டின் அளவை முந்தைய குறிப்புகளோடு ஒப்பிட வேண்டும். புது வடிகாலில் முதல் சில நாட்கள் லேசான கலங்கல் வருவது இயல்பு. அதன்பின் தெளிய வேண்டும். கசிவு அறவே நின்றுவிட்டால் மகிழ்வதற்கு முன், பீசோமீட்டரில் மட்டம் ஏறியிருக்கிறதா, நூறு மீட்டர் தள்ளிப் புதிய ஈரம் தோன்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரத்துக்காலில் வரும் நீரைத் திருப்பிவிடும் வசதி இல்லாத கண்மாயில், மடையைத் திறந்துவைத்தே நீர் ஏறும் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். அந்த நீரை எந்த மடைக்குக் கீழுள்ள வயல்கள் ஏற்கும் என்பதைச் சங்கக் கூட்டத்தில் ஆவணி மாதத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும்.